காடு காக்கும் பத்திரம்

நுழையும்முன்

ஒரு நாட்டின் காடுகள் அனைத்தும் அரசுக்கு உரியவை அல்ல. தனியொருவரின் உடைமையாக உள்ள காடுகளும் உண்டு. உரிமையாளர் மரங்களின்மீது பற்றுடையவராயின் அவர் வாழும்வரை அக்காடு பிழைத்திருக்கும். அவருக்குப்பின் அது என்னாகும்? அவ்வினாவுக்குச் சட்டத்தின் வழியே விடைகண்ட ஒரு முயற்சியையும் அதன் நிறைகுறைகளையும் இப்பாடம் ஆராய்கிறது.

உரிமை ஒருவருக்கு, பயன் ஊருக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ளது மேய்ன் மாநிலம். அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு காடாகும். பைன், ஸ்புரூஸ், மேப்பிள் முதலிய மரங்கள் அங்குக் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை அடர்ந்து நிற்கின்றன. காடு என்றவுடன் அரசின் வனத்துறை நினைவுக்கு வருவது இந்தியர்க்கு இயல்பு. மேய்னில் நிலைமை வேறு. அங்குள்ள காடுகளில் மிகப் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. மரத்தொழில் நிறுவனங்களும், பல தலைமுறைகளாக நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் அவற்றை ஆண்டுவருகின்றன. அமெரிக்கா முழுவதையும் கணக்கில் கொண்டாலும், காடுகளில் பாதிக்கு மேற்பட்டவை தனியார் உடைமைகளே.

உரிமை தனியாருடையதாயினும் காட்டின் பயன் வேலிக்குள் அடங்கிவிடுவதில்லை. மரங்கள் மழைநீரை மெல்ல உள்வாங்கி ஓடைகளுக்கு அனுப்புகின்றன. அந்நீரைக் குடிப்போர் பல கல் தொலைவில் வாழ்கின்றனர். மூஸ் எனப்படும் பெருமான்கள் பட்டா எல்லைகளை அறிந்து நடப்பதில்லை. ஊரார் மீன்பிடிக்கவும் உலாவவும் தனியார் காடுகளுக்குள் செல்வது மேய்னில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். காடு ஒருவர் பெயரில் இருக்கிறது. அதன் நிழலோ பலர்மீது விழுகிறது. அக்காடு அழியும்போது பணம் பெறுவோர் ஒருவர். இழப்புக்கு உள்ளாவோர் பலர். தனியார் காடுகளைப் பற்றிய சிக்கல் முழுவதும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கிறது.

விற்பனைக்கு வந்த காடு

1988 ஆம் ஆண்டில் மேய்ன் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் ஒரே நிறுவனத்திற்குச் சொந்தமான ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் காடு விற்பனைக்கு வந்தது. அதுவரை அக்காடுகள் என்றும் அப்படியே இருக்கும் என்று மக்கள் நம்பியிருந்தனர். மரக்கூழும் பலகையும் தரும்வரை காட்டைக் காடாகவே வைத்திருப்பது உரிமையாளருக்கு ஆதாயமாக இருந்தது. நகரங்களில் செல்வம் பெருகியபோது அக்கணக்கு மாறியது. ஏரிக்கரையில் ஓய்வில்லம் கட்ட விரும்புவோர், மரத்திற்குக் கிடைக்கும் விலையைப் போலப் பன்மடங்கு தர முன்வந்தனர். காட்டை மனைகளாக்கி விற்பவருக்கு ஒரே நாளில் கிடைக்கும் பணம், காட்டைப் பேணுபவருக்கு ஒரு வாழ்நாளிலும் கிடைக்காது என்னும் நிலை தோன்றியது.

குடும்பங்களுக்குச் சொந்தமான காடுகளில் இன்னோர் இடரும் இருந்தது. உரிமையாளர் இறந்தபின் நிலத்தின் சந்தை மதிப்பைக் கொண்டு மரபுரிமை வரி கணக்கிடப்பட்டது. சந்தை மதிப்போ மனை விலையை ஒட்டி உயர்ந்திருந்தது. தந்தையின் காட்டைக் காக்க விரும்பிய பிள்ளைகளுள் சிலர், வரி கட்டுவதற்காகவே அதன் ஒரு பகுதியை விற்க நேர்ந்தது. பங்காளிகள் பெருகப்பெருகக் காடு துண்டுதுண்டாயிற்று. துண்டான காட்டில் சாலைகள் குறுக்கிடும், விளக்குகள் எரியும், தோட்டச் செடிகளோடு அயல் தாவரங்கள் புகும். மரங்கள் சில எஞ்சினாலும், காடு என்னும் வாழிடம் எஞ்சாது.

உரிமை என்னும் கட்டு

இச்சிக்கலைத் தீர்க்க இரு வழிகளே உண்டெனப் பலரும் எண்ணுவர். அரசு காட்டை விலைக்கு வாங்கலாம். அல்லது உரிமையாளர் கட்டடம் எழுப்பக்கூடாதெனத் தடை விதிக்கலாம். முதல் வழிக்கு அரசின் கருவூலம் போதாது. இரண்டாம் வழியில், ஊருக்குரிய நன்மையின் செலவு முழுவதும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டனர். அதனைப் புரிந்துகொள்ள, நில உரிமை என்பது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

நில உரிமை ஒற்றைப் பொருளன்று. விறகுக் கட்டைப் போலப் பல உரிமைகள் சேர்ந்த கட்டாகும். நிலத்தில் குடியிருத்தல், பயிரிடுதல், மரம் வெட்டுதல், கட்டடம் எழுப்புதல், பிரித்து விற்றல், பிள்ளைகளுக்கு எழுதிவைத்தல் ஆகிய ஒவ்வொன்றும் அக்கட்டிலுள்ள தனித்தனி விறகுகள். கட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவிப் பிறருக்கு அளித்தாலும் கட்டு உரிமையாளரிடமே இருக்கும். தமிழகத்து நிலப் பத்திரங்களில் காணப்படும் வழிநடைப் பாத்தியமும் வாய்க்கால் பாத்தியமும் இத்தகையனவே. நிலம் ஒருவருடையது, அதன் வரப்பில் நடக்கும் உரிமை அண்டை நிலத்தாருடையது. நிலம் கைமாறினாலும் அப்பாத்தியம் தொடரும். சட்டம் இதனை வசதியுரிமை என்கிறது.

இதே கருத்தைக் காட்டுக்குப் பொருத்தியதே பாதுகாப்பு வசதியுரிமையாகும். காட்டை அழித்துக் கட்டடம் எழுப்பும் உரிமையையும் மனைகளாகப் பிரிக்கும் உரிமையையும் மட்டும் உரிமையாளர் தம் கட்டிலிருந்து உருவி, ஒரு நில அறக்கட்டளைக்கோ அரசு அமைப்புக்கோ அளித்துவிடுகிறார். பெற்ற அறக்கட்டளை அவ்வுரிமைகளைப் பயன்படுத்துவதில்லை. அவை ஒருபோதும் பயன்படாதவாறு காவல் புரிவதே அதன் கடமை. ஏனைய உரிமைகள் அனைத்தும் உரிமையாளரிடமே தங்கும். அவர் அக்காட்டில் வாழலாம், பத்திரம் இடந்தரும் அளவில் மரம் வெட்டி விற்கலாம், காட்டையே விற்கலாம். ஆனால், வாங்குபவரும் அதே கட்டுப்பாட்டுடன்தான் வாங்க முடியும்.

பத்திரம் செயற்படும் முறை

உரிமையாளரின் விருப்பமே இதன் தொடக்கம். எவரும் அவரை வற்புறுத்த இயலாது. முதலில், எவை கூடும், எவை கூடா என்பதை இரு தரப்பினரும் பேசி முடிவு செய்வர். பின்னர், காட்டின் அன்றைய நிலை வரைபடங்களுடனும் நிழற்படங்களுடனும் ஆவணப்படுத்தப்படும். பிற்காலத்தில் மீறல் நிகழ்ந்ததா என்பதை அறிய இவ்வாவணமே அளவுகோல். பத்திரம் முறையாகப் பதிவு செய்யப்பட்டபின், வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிவதைப் போல, அக்கட்டுப்பாடும் நிலத்தை வாங்க வருவோருக்கெல்லாம் வெளிப்படையாகத் தெரியும். அறக்கட்டளையின் அலுவலர்கள் முறையாகக் காட்டைச் சென்று பார்வையிடுவர். மீறல் கண்டால் நீதிமன்றத்தை நாடுவர்.

உரிமையாளர் இழப்பதற்கு ஈடும் உண்டு. எடுத்துக்காட்டாக, மனைகளாக விற்றால் 10 இலட்சம் டாலர் பெறும் ஒரு காடு, காடாகவே இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் 4 இலட்சம் டாலர்தான் பெறும் எனக் கொள்வோம். இடைப்பட்ட 6 இலட்சம் டாலரே வசதியுரிமையின் மதிப்பு. அதனை அறக்கட்டளையிடமிருந்து விலையாகப் பெறலாம். அல்லது கொடையாக அளித்து வருமான வரியில் கழிவு பெறலாம். நிலத்தின் மதிப்பு குறைவதால் மரபுரிமை வரியும் குறைகிறது. பிள்ளைகள் காட்டை விற்காமலே வரியைச் செலுத்த இயல்கிறது.

இம்முறை ஒரு நாளில் உருவானதன்று. 1930களில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர்ச் சாலையின் இருமருங்கிலும் உள்ள இயற்கைக் காட்சிகளைக் காக்க இத்தகைய உரிமைகள் வாங்கப்பட்டன. 1959 ஆம் ஆண்டில் வில்லியம் எச். வைட் என்னும் எழுத்தாளர் தம் ஆய்வறிக்கையில் இம்முறையை விரிவாக எடுத்துரைத்தார். ஆயினும் ஒரு தடை இருந்தது. பழைய ஆங்கிலேயச் சட்ட மரபின்படி, வசதியுரிமை பெறுபவருக்கு அருகில் நிலம் இருந்தாக வேண்டும். தொலைவிலுள்ள அறக்கட்டளைக்கு அண்டை நிலம் ஏது? 1981 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டம் ஒன்று இத்தடையை நீக்கியது. அருகில் நிலமில்லாத அறக்கட்டளையும் அவ்வுரிமையைப் பெறலாம் என்று அது தெளிவுபடுத்தியது. மாநிலங்கள் பலவும் அதனைப் பின்பற்றிச் சட்டம் இயற்றின. 1988 விற்பனையால் எழுந்த கவலையைத் தொடர்ந்து, 1990 ஆம் ஆண்டில் தனியார் காடுகளைக் காப்பதற்கென்றே நடுவண் அரசின் திட்டமும் பிறந்தது. தக்க காடுகளுக்கு ஆகும் செலவில் 75 விழுக்காடுவரை அத்திட்டம் வழங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

நியூசிலாந்தில் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இரண்டாம் எலிசபெத் அரசி தேசிய அறக்கட்டளை, உழவர்கள் தம் நிலத்திலுள்ள இயற்கைக் காடுகளை நிலையாகக் காக்க உடன்படிக்கை செய்துகொள்ள வழி வகுத்தது. சிலி நாடு 2016 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 2021 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் இத்தகைய உடன்படிக்கைகளுக்கு இடமளித்தது.

ஒரு குடும்பத்தின் முடிவு

மேய்ன் மாநிலத்தில் பிங்கிரி குடும்பத்தார் 1840களிலிருந்து காடுகளை உடைமையாகக் கொண்டவர்கள். ஒருவர் வாங்கத் தொடங்கிய காடு, ஒன்றரை நூற்றாண்டிற்குப்பின் பல வழித்தோன்றல்களின் பொதுச் சொத்தாக இருந்தது. பங்கு பிரித்து விற்றிருந்தால் ஒவ்வொருவருக்கும் பெருஞ்செல்வம் கிடைத்திருக்கும். அவர்கள் வேறு முடிவை எடுத்தனர். 2001 ஆம் ஆண்டில் 7,62,192 ஏக்கர் காட்டின்மீதான வளர்ச்சி உரிமைகளை நியூ இங்கிலாந்து வனவியல் அறக்கட்டளைக்கு அளித்தனர். அக்காட்டின் பரப்பு சென்னை மாநகரைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்காகும். அறக்கட்டளை நிதி திரட்டி வழங்கிய தொகை ஏறத்தாழ 2.8 கோடி டாலர். ஏக்கருக்கு 37 டாலர் அளவே. இன்றும் அங்கு மரம் வெட்டப்படுகிறது; வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளர்கிறது. வீட்டுமனைகள் மட்டும் எழ முடியாது.

அம்மாநிலத்தின் மூஸ்ஹெட் ஏரிப் பகுதி இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அங்கு நிலம் வைத்திருந்த பெருநிறுவனம் ஒன்று, 2005 ஆம் ஆண்டில் 975 வீட்டுமனைகளும் இரண்டு உல்லாச விடுதி வளாகங்களும் அமைக்கத் திட்டமிட்டது. மக்களிடையே நெடிய விவாதம் எழுந்தது. இறுதியில், சில இடங்களில் கட்டடங்களுக்கு இசைவு அளிக்கும்போதே, சுற்றியுள்ள 3,63,000 ஏக்கர் காட்டின்மீது பாதுகாப்பு வசதியுரிமை ஏற்படுத்தப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. பொருளாதாரச் சூழல் மாறியதால் விடுதிகள் எழவில்லை. 2020 ஆம் ஆண்டில் அத்திட்டமே கைவிடப்பட்டது. கட்டடத் திட்டம் காகிதத்தோடு முடிந்தது. காட்டைக் காக்கும் பத்திரமோ இன்றும் செல்லுபடியாகிறது. சந்தையின் ஏற்ற இறக்கங்களைத் தாண்டி நிற்கும் ஆற்றல் இப்பத்திரத்திற்கு உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிர்வாதங்களும் விடைகளும்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் கருத்துகள் புறந்தள்ளத் தக்கன அல்ல. இறந்தவரின் கை, வாழ்பவரை என்றென்றும் கட்டிப்போடலாமா என்பது முதல் வினா. இன்றைய உரிமையாளரின் விருப்பம் நூறாண்டுகளுக்குப் பின்வரும் தலைமுறையின் தேவையோடு முரண்படலாம். பருவநிலை மாற்றத்தால் மரவகைகளே இடம்பெயரும் காலத்தில், மாறாத விதிகள் காட்டுக்கே தீங்காகவும் முடியலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். காட்டை விட்டுவைத்த முடிவு தவறெனில், பிற்காலத்தோர் நீதிமன்றத்தின் வழியே அதனைத் திருத்த இயலும். காட்டை அழித்த முடிவு தவறெனில் அதனைத் திருத்தும் நீதிமன்றம் எங்கும் இல்லை. கான்கிரீட் தளமும் நூறாண்டுகளுக்குப் பின்வரும் தலைமுறையைக் கட்டிப்போடவே செய்கிறது. விதிகளின் நோக்கத்தை உறுதியாகவும் வழிமுறைகளை நெகிழ்வாகவும் எழுதுவதே இதற்குத் தக்க தீர்வாகும்.

மரம் வெட்ட இடந்தரும் பத்திரம் எப்படிக் காட்டைக் காக்கும் என்பது இரண்டாம் வினா. முதிர்ந்த தொல்காடுகளுக்கு அது போதாது என்பது சரியே. அத்தகைய காடுகளைக் கோடரி தீண்டாதவாறு காப்பதே முறை. ஆனால், தொழிற்காடுகளில் வருவாயை முற்றும் தடுத்தால் உரிமையாளர் எவரும் உடன்பட மாட்டார். வெட்டிய மரம் மீண்டும் வளரும்; மனையான நிலம் மீண்டும் காடாவது அரிது.

மூன்றாவது குறை கடுமையானது. பேராசை கொண்ட சிலர் இச்சட்டத்தை வரி ஏய்ப்புக்குக் கருவியாக்கினர். முதலீட்டாளர் பலரைக் கூட்டிக் குறைந்த விலைக்கு நிலம் வாங்கி, அதன் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்திக் காட்டி, அந்தப் பொய் மதிப்புக்கு வரிக்கழிவு கோரினர். 2016 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க வரித்துறை இத்தகைய நடவடிக்கைகளைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய கூட்டு முதலீடுகளில் முதலீட்டைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டிய கழிவுக்குத் தடை விதித்தது. காட்டைக் காக்கச் செலவிட்ட மக்கள் பணம் கள்வர் கைக்குப் போயிற்று என்றால், உண்மையாகக் காட்டைக் காப்போரின் மீதும் மக்கள் ஐயம் கொள்வர். மதிப்பீட்டில் நேர்மை இல்லாத இடத்தில் இம்முறை வேர்கொள்ளாது.

காவலரே உயிர்

இவை அனைத்தும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. பத்திரம் தானே காட்டைக் காப்பதில்லை. ஆண்டுதோறும் எல்லையைச் சுற்றிவரும் கால்களும், மீறலைக் கண்டால் வழக்குத் தொடுக்கும் துணிவும், அதற்கான நிதியும் தேவை. பத்திரத்தை ஏற்கும் நாளன்றே அதன் நெடுங்காலக் காவலுக்கான வைப்புநிதியையும் ஒதுக்குவது பொறுப்புள்ள அறக்கட்டளைகளின் வழக்கம். ஏற்ற பொறுப்பை மறந்த அறக்கட்டளையின் கையில் உள்ள பத்திரம், காவலாளி உறங்கும் கதவுக்கு ஒப்பாகும்.

தமிழகச் சூழலில்

தமிழகத்திற்குத் தனியார் காடுகளும் புதியன அல்ல. அவற்றைக் காக்கும் சட்டங்களும் புதியன அல்ல. 1949 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிய அனுமதியின்றித் தனியார் காட்டை விற்பதையும் மரம் வெட்டுவதையும் அது தடுத்தது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதி மரங்களுக்குக் காப்பளித்தது. இவை அரிய பணி செய்த சட்டங்கள். ஆயினும் இவை தடையின் மொழியில் பேசுபவை. காட்டைப் பேணும் உரிமையாளருக்கு ஊக்கம் தரும் வழி இவற்றில் இல்லை.

இசைவின் மொழியில் பேசும் ஒரு வழியும் உண்டு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், தனியாரோ ஊர்ச் சமூகமோ தாமாக முன்வந்தால் அவர்தம் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க இடமளிக்கிறது. வசதியுரிமை பற்றிய 1882 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், இயற்றப்பட்டபோதே சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், பயன்பெறும் நிலம் ஒன்று இருந்தாக வேண்டும் என்னும் பழைய நிபந்தனை அச்சட்டத்தில் இன்றும் உள்ளது. அமெரிக்க மாநிலங்கள் நீக்கிய அதே தடை இதுவாகும். காட்டைக் காக்க விரும்பும் ஓர் உரிமையாளர், தம் விருப்பத்தை நிலத்தோடு பிணைத்துச் செல்ல இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். தக்க கண்காணிப்புடன் இத்தடையைத் தளர்த்துவது குறித்துச் சட்ட அறிஞர்கள் சிந்திப்பது பயன் தரும்.

பத்திரமும் பதிவும் தோன்றுவதற்கு முன்பே, தலைமுறை தாண்டும் வாக்குறுதியின் ஆற்றலைத் தமிழ்ச் சிற்றூர்கள் அறிந்திருந்தன. ஐயனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயிற்காடுகளில் ஒரு சுள்ளியை ஒடிக்கவும் ஊரார் அஞ்சினர். விட்டுக்கொடுத்தவர் மறைந்தபின்னும் அவ்வாக்கு ஊரில் வாழ்ந்தது. அச்சமும் பத்தியும் தளர்ந்த இடங்களில் அக்காடுகளும் சுருங்கின. நம்பிக்கை காத்ததை இனிச் சட்டமும் சேர்ந்து காக்கவேண்டிய காலம் இது.

மனிதரின் ஆயுள் குறுகியது. மரத்தின் ஆயுள் நெடியது. ஒரு மரம் முதிர்வதற்குள் அதன் உரிமையாளர் மூன்று தலைமுறை மாறிவிடுகிறார். ஒருவரின் நல்லெண்ணம் அவருடைய ஆயுளோடு முடிந்துவிடுமாயின், மரத்தின் ஆயுளுக்கு அது போதாது. நல்லெண்ணத்திற்கும் மரத்தின் ஆயுளைத் தருவதே சட்டம் ஆற்றவேண்டிய பணி.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் தனியாருக்கோ கோயிலுக்கோ உரிய தோப்பு, காடு ஒன்றின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக.

2. ‘வாழும் தலைமுறையை முன்னோரின் முடிவு கட்டுப்படுத்தலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் வீட்டிலோ அறிந்தவர் வீட்டிலோ உள்ள நிலப் பத்திரம் ஒன்றில் காணப்படும் பாத்தியங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவருக்குப் பயன்படுகிறது என்பதை விளக்குக.